கப்பல் கணக்கும் கரைக் கணக்கும்

தூத்துக்குடியில் ஒரு வீடு. மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியமும் வந்துவிட்டது. இரண்டு மாதம் முடிந்து ஈ.பி. கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டுக்காரர் செல்போனைத் திறந்து பார்க்கிறார். இன்வெர்ட்டர் கம்பெனியின் செயலி, இந்த இரண்டு மாதத்தில் 790 யூனிட் உற்பத்தி என்று காட்டுகிறது. வாசலில் இருக்கும் ஈ.பி. மீட்டரோ, நீங்கள் எங்களுக்கு அனுப்பியது 455 யூனிட் என்கிறது.

"மீதி 335 யூனிட் எங்கே போச்சு?"

இது நான் கற்பனையாக எடுத்துக்கொண்ட வீடுதான். ஆனால் சோலார் போட்ட பலருக்கும் முதல் பில்லில் எழும் கேள்வி இது. இதற்கு இரண்டு அடுக்கில் விடை இருக்கிறது. மேல் அடுக்கு எளிது. அடியில் இருப்பதுதான் அழகானது.

எளிதானதை முதலில் முடித்துவிடுவோம். தென்னந்தோப்பில் 790 காய் பறிக்கிறோம். 335 காய் வீட்டுக்கும் உறவுக்கும் போகிறது, 455 காய் வண்டியேறுகிறது. தோப்பு வாசலில் நிற்பவர் எண்ணுவது வண்டியில் ஏறியதை மட்டுமே. ஈ.பி. மீட்டர் அந்த வாசலில் நிற்கிறது. பகலில் ஃப்ரிட்ஜும் ஃபேனும் மோட்டாரும் எடுத்துக்கொண்ட மின்சாரம் வாசலுக்கு வரவே இல்லை. இருதிசை மீட்டர் என்று நாம் சொல்லும் அந்தக் கருவி, வெளியே போனது எவ்வளவு, உள்ளே வந்தது எவ்வளவு என்று இரண்டை மட்டும் தனித்தனியாக எழுதிவைக்கும். வீட்டுக்குள் உற்பத்தியாகி வீட்டுக்குள்ளேயே தீர்ந்தது அதற்குத் தெரியாது.

பெரும்பாலோர் இத்துடன் சமாதானம் ஆகிவிடுவார்கள். ஆனால் ஐயம் தீராத ஒருவர், இன்வெர்ட்டரிலிருந்து வரும் கம்பியிலேயே, வீட்டுக்குள் பிரிவதற்கு முன், தனியாக ஒரு உற்பத்தி மீட்டரை மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இரண்டும் ஒரே மின்சாரத்தைத்தான் அளக்கின்றன. இனியாவது ஒத்துப்போக வேண்டும். போகாது. செயலி 790 என்றால் மீட்டர் 760 என்று காட்டலாம். இந்த 30 யூனிட்டை யாரும் சாப்பிடவில்லை. அது எங்கே?

முதலில் 790 என்பது ஊருக்குப் பொருந்தும் எண்தானா என்று பார்த்துவிடலாம். அதற்குத் தூத்துக்குடியின் வ.உ.சிதம்பரனார் துறைமுகமே கை கொடுக்கிறது. 2021 பிப்ரவரி 25 அன்று துறைமுகத்தின் 5 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, அது ஆண்டுக்கு 80 லட்சம் யூனிட்டுக்கு மேல் தரும், துறைமுகத்தின் மின்தேவையில் 56 விழுக்காட்டை நிறைவு செய்யும் என்று அறிவித்தார்கள். 80 லட்சத்தை 5,000 கிலோவாட்டால் வகுத்து, 365 நாளாலும் வகுத்தால், ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4.4 யூனிட். நம் 3 கிலோவாட் வீட்டுக்கு அறுபது நாளில் 790 வருகிறது. ஆக எண் நியாயமானதுதான். 760-உம் நியாயமானதுதான். வெயிலை வைத்து இவ்விரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே இன்வெர்ட்டருக்குள்ளேயே போக வேண்டும்.

இன்வெர்ட்டர் என்றதும் கரண்ட் போனால் ஃபேன் ஓட்டும் பேட்டரிப் பெட்டி நினைவுக்கு வரும். இது வேறு. சோலார் தகடு தருவது ஒரே திசையில் ஓடும் நேர் மின்னோட்டம். ஈ.பி. கம்பியில் இருப்பது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஊசலாடும் மாறு மின்னோட்டம். முன்னதைப் பின்னதாக மாற்றி, ஈ.பி. அலையோடு தாளம் தப்பாமல் சேர்ப்பதுதான் இந்தப் பெட்டியின் வேலை.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைப் புரிந்துகொண்டால் நம் புதிர் பாதி அவிழும். சோலார் தகட்டிலிருந்து அதிக மின்னழுத்தத்தில் இழுத்தால் மின்னோட்டம் குறைகிறது. அதிக மின்னோட்டம் இழுத்தால் மின்னழுத்தம் விழுகிறது. இரண்டின் பெருக்குத்தொகைதான் மின்திறன். அது எங்கோ நடுவில் ஓர் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற இறங்க, தகடு சூடாக ஆற, அந்த உச்சமும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் அதைத் தேடிக்கொண்டே இருக்கிறது. இதை உச்சத்திறன் தேடல் என்று சொல்லலாம். எப்படித் தேடுகிறது? மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கும். திறன் கூடினால் அதே திசையில் இன்னும் ஓர் அடி. குறைந்தால் திரும்பி ஓர் அடி. நாள் முழுக்க இதே வேலை.

குழம்புக்கு உப்புப் பார்ப்பது போலத்தான். நாக்கில் ஒரு துளி விட்டு, போதாது என்று இன்னொரு சிட்டிகை போடும் அம்மாவுக்கு, குழம்பில் எத்தனை கிராம் உப்பு இருக்கிறது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். முன்னைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதே அந்த நாக்கின் கேள்வி. இன்வெர்ட்டரின் உணரிகளும் இந்த வேலைக்கே வைக்கப்பட்டவை. அவை எல்லா அளவையும் நூற்றுக்கு நான்கு கூட்டியே சொன்னாலும் உச்சம் இருக்கும் இடம் மாறாது. ஒரு மலையை எந்த அளவுகோலால் அளந்தாலும் சிகரம் அதே இடத்தில்தானே இருக்கும்! அதனால் தன் வேலையைப் பிசகின்றிச் செய்துகொண்டே, தவறான யூனிட் கணக்கை ஓர் இன்வெர்ட்டர் ஆண்டுக்கணக்கில் காட்ட முடியும்.

இன்வெர்ட்டர் அளப்பது ஒப்பிடுவதற்காக, அறிவிப்பதற்காக அல்ல. திரையில் தெரியும் யூனிட், அந்த வேலையின் ஓரத்தில் கிடைத்த உபரி. இதைத் தயாரிப்பாளர்கள் மறைப்பதும் இல்லை. கையேட்டைப் பொறுமையாகப் படித்தால், இந்த அளவைக் கட்டணக் கணக்குக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற வரி பெரும்பாலும் எங்காவது இருக்கும். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை முன்பின் இருக்கலாம் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

அந்த உணரி எப்படி வேலை செய்கிறது? கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் அதைச் சுற்றி ஒரு காந்தப்புலம் உண்டாகும். 1879இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஒன்றைக் கண்டார். காந்தப்புலத்துக்குக் குறுக்கே வைத்த மெல்லிய உலோகத் தகட்டில் மின்னோட்டம் பாய்ந்தால், தகட்டின் பக்கவாட்டில் ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது. பல இன்வெர்ட்டர்களில் இருப்பது இதன் பேரப்பிள்ளையான ஒரு சிறு சில்லு. கம்பியைத் தொடாமலே, காந்தப்புலத்தை மோப்பம் பிடித்து, எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லும். விலை குறைவு, பாதுகாப்பானது. ஆனால் இரண்டு குறைகள் அதன் கூடப் பிறந்தவை.

ஒன்று, சுழிப்பிழை. மளிகைக் கடையில் தட்டில் ஒன்றும் வைக்காதபோதே தராசு 10 கிராம் காட்டினால், வைக்கிற எல்லாவற்றோடும் அந்த 10 கிராம் சேர்ந்துவிடும். மூட்டை அரிசி வாங்குபவருக்கு அது பொருட்டே இல்லை. ஏலக்காய் வாங்குபவருக்குப் பெரிய நட்டம். 3 கிலோவாட் இன்வெர்ட்டர் நண்பகலில் சுமார் 13 ஆம்பியர் தருகிறது. உணரியின் சுழி 0.1 ஆம்பியர் தள்ளியிருந்தால் அப்போது பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. காலை ஏழு மணிக்கு 1 ஆம்பியர் ஓடும்போது அதே 0.1, நூற்றுக்குப் பத்து ஆகிவிடும். இன்னொன்று, விகிதப்பிழை. இது எல்லா அளவையும் ஒரே விகிதத்தில் கூட்டும் அல்லது குறைக்கும். சூடு ஏற ஏற அந்த விகிதமும் மெல்ல நகரும். பங்குனி வெயிலில் மேற்குச் சுவரில் மாட்டிய இன்வெர்ட்டர் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சில செயலிகளில் வேறொரு குழப்பமும் உண்டு. அவை காட்டுவது தகட்டிலிருந்து உள்ளே வந்த நேர் மின்னோட்டக் கணக்கு. நல்ல இன்வெர்ட்டர்கூட வந்ததில் நூற்றுக்குச் சுமார் 97 பங்கைத்தான் மாற்றித் தரும். மீதி பெட்டியின் சூடாகப் போகும். உள்ளே வந்ததை ஒருவர் சொல்கிறார், வெளியே போனதை இன்னொருவர் சொல்கிறார். இருவரும் மெய்யே சொன்னாலும் மூன்று விழுக்காடு இடிக்கும். பேட்டரி சேர்ந்த வகைகளில் இது அடிக்கடி காணக்கூடியது.

கம்பியும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. மாடியிலிருந்து கீழே மீட்டர் பெட்டி வரை 30 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்றால், போக வர அதன் மின்தடை கிட்டத்தட்ட 0.3 ஓம். 13 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 4 வோல்ட் வழியிலேயே கரைகிறது; 50 வாட் கம்பியின் சூடாகிறது. இது அளவுப் பிழையே அல்ல. உண்மையான இழப்பு. இன்வெர்ட்டர் மாடியில் நின்று அளக்கிறது, மீட்டர் கீழே நின்று அளக்கிறது.

அடுத்தது காலம். யூனிட் என்பது திறனைக் காலத்தால் பெருக்கியது. தரமான இன்வெர்ட்டர் தனக்குள் இடைவிடாமல் கூட்டிக்கொண்டே வரும். ஆனால் சில கண்காணிப்பு முறைகள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கணத்தின் திறனை மட்டும் எடுத்து, அடுத்த ஐந்து நிமிடமும் அப்படியே இருந்ததாக எண்ணிக் கூட்டுகின்றன. சித்திரை மாதத்து நிர்மல வானில் இதனால் கேடில்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை மேகங்கள் கூட்டம் கூட்டமாகக் கடலிலிருந்து வரும் நாளில், எடுத்த கணம் வெயிலா நிழலா என்பது குருட்டு அதிர்ஷ்டம். ஆனாலும் இந்தப் பிழைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒருமுறை கூட்டிச் சொன்னால் இன்னொரு முறை குறைத்துச் சொல்லும். மாதக் கணக்கில் பெரும்பாலும் தமக்குள் கழித்துக்கொண்டு போய்விடும். விகிதப்பிழை அப்படியல்ல, அறுபது நாளும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். எத்தனை மாதம் சேர்த்தாலும் கரையாது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. துல்லியம் என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு குணங்களைப் போட்டுக் குழப்புகிறோம். உண்மை அளவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது மெய்த்துல்லியம். அதே பொருளை மறுபடி மறுபடி அளந்தால் அதே விடை வருகிறதா என்பது மீள்துல்லியம். எப்போதும் ஐந்து நிமிடம் முந்திக் காட்டும் சுவர்க்கடிகாரத்துக்கு மெய்த்துல்லியம் இல்லை. மீள்துல்லியம் தாராளமாக உண்டு. அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் முப்பது வருடம் ரயிலைத் தவறவிடாமல் வாழ முடியும். இன்வெர்ட்டரின் அளவு பெரும்பாலும் இந்த வகை.

துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகும். தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பலைத் தூக்கித் தராசில் வைக்க முடியாது. ஆகவே அது தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். முன், நடு, பின் என இரு புறமுமாக ஆறு இடங்களில் எழுதியிருக்கும் குறிகளைப் படிக்கிறார்கள். துறைமுகத் தண்ணீரின் அடர்த்தியைச் சோதிக்கிறார்கள். கப்பலின் சொந்த எடை, எரிபொருள், நன்னீர், கப்பலை நிலைப்படுத்த ஏற்றிய கடல்நீர் எல்லாவற்றையும் கழித்துச் சரக்கின் எடையைக் கணிக்கிறார்கள். இது கப்பல் கணக்கு. நல்ல வானிலையில், கைதேர்ந்தவர் செய்தாலும் அரை விழுக்காடு முன்பின் இருக்கும். 60,000 டன்னில் அது 300 டன். அதே நிலக்கரியைக் கரையில் எடை போட்டால் வருவது இன்னொரு எண். இரண்டும் அச்சாக ஒத்துப்போவது அரிது. இதற்காகத் துறைமுகத்தில் யாரும் திகைப்பதில்லை. எந்தக் கணக்குப்படி பணம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்கிறார்கள்.

இன்வெர்ட்டர் சொல்வது கப்பல் கணக்கு. மீட்டர் சொல்வது கரைக் கணக்கு. பணம் எப்போதும் கரைக் கணக்குப்படிதான்.

கரைக் கணக்கை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? இந்தக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. இன்வெர்ட்டர் பொய் சொல்லலாம் என்றால் மீட்டரும் சொல்லலாமே.

மீட்டரின் நம்பகம் அதன் உள்ளிருக்கும் சில்லால் மட்டும் வருவதல்ல. அதற்குப் பின்னால் ஒரு சங்கிலி இருக்கிறது. வீட்டு மீட்டரின் முகத்தில் அதன் வகுப்பு எண் அச்சிடப்பட்டிருக்கும். வகுப்பு 1 என்றால், அதன் வழக்கமான வேலை எல்லைக்குள் பிழை நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. நம் நாட்டில் இதற்கான தரம் ஐ.எஸ். 13779. பெரிய மின் நிலையங்கள் மின்கட்டமைப்போடு சேரும் இடத்தில் 0.2எஸ் வகுப்பு மீட்டர் வைக்கிறார்கள். ஆயிரத்துக்கு இரண்டு. பின்னால் வரும் அந்த 'எஸ்' கவனிக்கத்தக்கது. மிகக் குறைந்த மின்னோட்டத்திலும், அதாவது முழு அளவில் நூற்றில் ஒரு பங்கு ஓடும்போதும், பிழைக்கு வரம்பு உண்டு என்பதன் அடையாளம் அது. இன்வெர்ட்டர் உணரி தடுமாறும் காலை ஏழு மணி வேளையில்தான் இந்த எழுத்துக்கு மதிப்பு.

மின்வாரியத்தின் மீட்டர் சோதனைப் பிரிவை எல்லோரும் எம்.ஆர்.டி. என்றே சொல்வார்கள். அங்கே ஒரு மீட்டரைச் சோதிப்பதென்றால், ஒரே மின்சாரத்தை அதன் வழியாகவும், அதைவிடத் துல்லியமான ஒப்பீட்டு மீட்டர் வழியாகவும் செலுத்திப் பார்க்கிறார்கள். அந்த ஒப்பீட்டு மீட்டரைச் சோதிக்க அதைவிட உயர்ந்த ஒன்று. இப்படி ஏணியில் ஏறிக்கொண்டே போனால், டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்கும். அதற்கு மேலும் ஒரு படி உண்டு. 2019 மே 20 முதல் ஆம்பியர் என்ற அலகே எலக்ட்ரானின் மின்னூட்டத்தை வைத்து வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆக, பழுப்பேறிய ஒரு தூத்துக்குடி மீட்டர் பெட்டிக்கும் எலக்ட்ரானுக்கும் இடையே அறுபடாத ஒரு சங்கிலி இருக்கிறது. இந்த உறவைத் தடங்காண் தொடர்பு என்று சொல்லலாம். திரையில் மூன்று தசம இலக்கம் வரை எண் காட்டும் இன்வெர்ட்டரிடம் பொதுவாக இல்லாதது இதுதான். தசம இலக்கம் நீண்டால் துல்லியம் கூடிவிடாது.

ஆதாயம் உள்ளவர் கையில் அளவை விட்டுவிடாமல் இருக்கும் யோசனை இந்தக் கடலுக்குப் பழையது. மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில், கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளிகளுக்கு. அவர்களே சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். எந்தக் குவியல் அவர்களுக்கு என்பதை அதிகாரி சுட்டுவார். பிரிக்கிறவர் தேர்ந்தெடுப்பதில்லை, தேர்ந்தெடுப்பவர் பிரிப்பதில்லை. குவியல்கள் சமமாக இருந்தே ஆக வேண்டும். எந்தத் தராசும் இல்லாமல் அளவு நேர்மையாகிவிடுகிறது. நம் கரையில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு இல்லை. ஆனாலும் குவியல் பிரித்த அந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

எந்தக் கணக்குக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை உலகில் பிறரும் யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2007இல் சோலார் ஊக்கத்தொகைத் திட்டத்தைத் தொடங்கியபோது, இரண்டு வகை வைத்தது. எதிர்பார்க்கும் உற்பத்தியைக் கணக்கிட்டு முன்கூட்டியே தொகை தரும் இடத்தில் ஐந்து விழுக்காடு வரை பிழை இருக்கும் மீட்டர் போதுமானதாக இருந்தது. இன்வெர்ட்டரோடு சேர்ந்த மீட்டருக்கும் அங்கே இடம் இருந்தது. உண்மையில் உற்பத்தியான ஒவ்வொரு யூனிட்டுக்கும் பணம் என்றால் பிழை இரண்டு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதியாக இருந்தது. எண்ணுக்கு என்ன வேலையோ, அதற்கேற்ற துல்லியம்.

துறைமுகத்தின் 80 லட்சம் யூனிட்டில் ஒரு விழுக்காடு என்பது 80,000 யூனிட். நான்கு விழுக்காடு பிசகினால் 3.2 லட்சம். நம் வீட்டுக்கோ ஒரு விழுக்காடு என்பது இரண்டு மாதத்துக்கு 8 யூனிட். இதைக் கேட்டு, வீட்டுக்காரர் கவலைப்பட வேண்டாம் என்று தோன்றலாம். பாதி உண்மைதான். ஆனால் முதலில் கேட்ட கேள்வியைத் திரும்பப் பாருங்கள். வீட்டுக்குள் நேரடியாகச் செலவானது எவ்வளவு என்பதை 790இலிருந்து 455ஐக் கழித்துத்தான் 335 என்று சொன்னோம். உண்மை உற்பத்தி 760 என்றால் அது 305. உற்பத்தியில் நான்கு விழுக்காடாக இருந்த பிழை, கழித்தவுடன் செலவுக் கணக்கில் பத்து விழுக்காடாகப் பெருத்துவிட்டது. பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய எண்ணை எடுக்கும்போதெல்லாம் இது நடக்கும். 'சோலார் போட்டதிலிருந்து வீட்டுச் செலவு கூடிவிட்டது' என்று சில வீடுகளில் எழும் பேச்சில், கூடியது செலவா, இந்தக் கழித்தலா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் இன்வெர்ட்டர் எண்ணால் பயனே இல்லையா? இந்தக் கரையில் அதற்கு ஒரு பெரிய பயன் இருக்கிறது. ஒருபக்கம் கடற்காற்றின் உப்புத் திவலை, ஒருபக்கம் உப்பளத்துப் புழுதி, துறைமுகத்துப் பக்கம் என்றால் கரித்தூளும். எல்லாம் தகட்டின் மேல் படியும். எவ்வளவு உற்பத்தியைத் தின்கிறது என்று தெரிந்தால்தான் எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவுவது என்று முடிவு செய்யலாம். இன்றைய எண்ணை நாளைய எண்ணோடு ஒப்பிட்டால் போதாது, வெயில் மாறியிருக்கும். தகடுகள் இரண்டு வரிசையாக, இன்வெர்ட்டரின் இரண்டு வாயில்களில் இணைந்திருந்தால் ஒரு வழி உண்டு. சில நாள் இரண்டின் உற்பத்தி விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வரிசையை மட்டும் கழுவுங்கள். விகிதத்தை மறுபடி குறியுங்கள். முன்பு 1.00 ஆக இருந்தது இப்போது 1.05 ஆனால், அழுக்கு கிட்டத்தட்ட ஐந்து விழுக்காட்டைத் தின்றுகொண்டிருந்தது என்று பொருள்.

இதில் நயம் என்னவென்றால், வாயில் ஒன்றின் உணரி மூன்று விழுக்காடு கூட்டிச் சொல்வதாக இருந்தாலும், கழுவும் முன்னும் பின்னும் அதே மூன்று. வகுக்கும்போது அடிபட்டுவிடும். வெயிலும் அப்படியே அடிபடும், இரண்டு வரிசை மேலும் ஒரே வெயில்தானே! மெய்த்துல்லியம் இல்லாத கருவி, மீள்துல்லியம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மெய்யான ஒரு விடையைத் தருகிறது. குழம்பில் உப்புப் பார்த்த நாக்கு இங்கே தன் முழுத் திறமையைக் காட்டுகிறது.

உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. மீட்டரின் முகத்தில் ஒரு சிறு சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று எழுதியிருக்கும். 3200 என்பது பரவலாகக் காணும் எண். உங்கள் மீட்டரில் வேறாக இருக்கலாம். மேகமில்லாத நண்பகலில், உற்பத்தி மீட்டர் இருந்தால் அதன் முன் நின்று, நூறு சிமிட்டலுக்கு எத்தனை நொடி என்று செல்போன் கடிகாரத்தில் பாருங்கள். ஈ.பி. மீட்டர் மட்டும்தான் என்றால், வீட்டுக்குள் போகும் எல்லாச் சுற்றுகளையும், ஃப்ரிட்ஜையும் சேர்த்து, அணைத்துவிட்டு, சோலார் வரும் சுவிட்சை மட்டும் விட்டுவைக்க வேண்டும். எது எந்த சுவிட்ச் என்று தெரியாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் இன்வெர்ட்டர் திரையைப் படிக்கட்டும்.

திரை 2,000 வாட் என்கிறது என்று கொள்வோம். அது சரியென்றால் நூறு சிமிட்டலுக்கு 56.25 நொடி ஆக வேண்டும். உங்களுக்கு 58 நொடி வந்தால், மீட்டர் வழியே போனது 1,940 வாட். அறுபது வாட் இடைவெளி. உடனே இன்வெர்ட்டரைக் குற்றம் சொல்லிவிட வேண்டாம். 2,000 வாட்டில் ஓடுவது 8.7 ஆம்பியர், முன்பு சொன்ன கம்பியில் அது சுமார் 23 வாட் சூடாகப் போகும். மீதி 37. மீட்டருக்கே ஒரு விழுக்காடு உரிமை இருக்கிறது, அது ஏறத்தாழ 20 வாட், எந்தப் பக்கமும். கடிகாரத்தை அழுத்திய விரலின் தாமதம் இன்னும் சில வாட். முந்நூறு சிமிட்டல் எண்ணினால் அது குறையும். ஆக, இந்த இன்வெர்ட்டர் ஏறக்குறைய ஒன்றிலிருந்து மூன்று விழுக்காடு வரை கூட்டிச் சொல்கிறது என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம். ஒரே எண்ணாகச் சொல்ல முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். எண்ணோடு அதன் தடுமாற்றத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் அறிவியலின் நாணயம்.

நேரம் இருந்தால் விடியற்காலையிலும் ஒருமுறை செய்து பாருங்கள். சூரியன் கடலிலிருந்து எழுந்து சற்று நேரம்தான் ஆகியிருக்கும். இன்வெர்ட்டர் விழித்து 40 வாட் என்று காட்டும். அது சரியென்றால் சிவப்பு விளக்கு 28 நொடிக்கு ஒருமுறை சிமிட்ட வேண்டும். 45 நொடிக்கு ஒருமுறைதான் சிமிட்டுகிறது என்றால், வருவது 25 வாட். நண்பகலில் மூன்று விழுக்காட்டுக்குள் நின்ற அதே கருவி, இப்போது அறுபது விழுக்காடு கூட்டிச் சொல்கிறது. ஏலக்காய் நிறுத்த தராசு இதுதான். ஆனால் அந்த 15 வாட் ஒரு மணி நேரம் முழுக்க அப்படியே நீடித்தாலும் 0.015 யூனிட்தான், அதற்குள் வெயில் ஏறிவிடும்.